முப்பது நாள், முந்நூறு ரூபாய்

ஆஷா பணியாளர்களை இப்போது நம்மில் பலருக்கும் நன்றாகத் தெரியும். கொரோனா காலத்தில் வாசலில் நின்று, ஜுரம் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போனவர்கள். இப்போது பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களை விடாமல் பிடித்து, "ஐயா, இந்த மாசம் செக்கப்புக்குப் போனீங்களா?" என்று கேட்கிறார்கள். இவர்களைத் தயார் செய்ய எவ்வளவு செலவாகிறது என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று சில மாதங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நம் வயதுக்காரர் ஒருவர், அவரும் அரசாங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னிடம் ஒருநாள் கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "எட்டாவதும் பத்தாவதும் படிச்ச பொண்ணுங்களுக்கு இத்தனை நாள் டிரெயினிங், அதுக்கு ஒரு பரீட்சை, அதுக்கு ஒரு சர்ட்டிபிகேட். இதெல்லாம் யார் வீட்டுப் பணம்?"

கேள்வியில் தப்பில்லை. அரசாங்கப் பணத்தைப் பற்றி யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் இந்தச் செலவில் பாதி, அவர் தேடுகிற கணக்குப் புத்தகத்திலேயே கிடையாது. அதைத்தான் சொல்லலாம் என்று பார்க்கிறேன்.

எனக்கு மருத்துவம் தெரியாது. என்னுடைய பிழைப்பு பில் பாஸ் பண்ணுவது. 1962 ஆகஸ்ட் 16இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பதிமூன்று வயது, பிரெஞ்சில் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பை முடித்து வெளியே வந்தால் ஆபீசில் எல்லாம் இங்கிலீஷ். டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, இங்கிலீஷில் நோட் போடக் கற்றுக்கொண்டு, கீழ்நிலை குமாஸ்தாவாகச் சேர்ந்து முப்பத்தேழு வருடம் ஓட்டினேன். அதில் பல வருடங்கள் என் மேஜைக்கு வந்தவை பயிற்சிச் செலவு பில்கள். அங்கன்வாடிப் பயிற்சி, குடும்ப நலப் பயிற்சி, இன்னும் என்னென்னவோ. அவற்றில் என் மனதில் நின்றது மருத்துவச்சிப் பயிற்சி.

இளையவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் கிராமங்களில் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் மருத்துவச்சிகள். தாய்க்குப் பிறகு மகள், மாமியாருக்குப் பிறகு மருமகள் என்று கைமாறி வந்த வேலை. மத்திய அரசு அவர்களைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தது. 'தாய்' பயிற்சி என்று கோப்பில் இருக்கும். அது நம் அம்மா என்கிற தாய் அல்ல, இந்தியில் மருத்துவச்சிக்கு உள்ள பெயர். முப்பது வேலைநாள் பயிற்சி. உதவித்தொகை 300 ரூபாய். வாரத்தில் இரண்டு நாள் சுகாதார நிலையத்தில் பாடம், மற்ற நாள்களில் நர்சம்மாவோடு கிராமத்துக்குப் போக வேண்டும். பயிற்சிக் காலத்தில் குறைந்தது இரண்டு பிரசவமாவது மேற்பார்வையில் பார்த்திருக்க வேண்டும். முடித்தால் ஒரு சான்றிதழ், பிரசவத்துக்கு வேண்டிய சாமான் போட்ட ஒரு பெட்டி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, சுத்தமான பிளேடால் தொப்புள்கொடியை வெட்டு, கஷ்டமான கேஸ் என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. பாடத்தின் சாரம் இவ்வளவுதான். இந்த மூன்றால் பிழைத்த பிள்ளைகள் நிறைய இருக்கும்.

பில்லோடு அக்விட்டன்ஸ் ரோல் வரும். கையெழுத்து போடத் தெரிந்தவர்கள் ஒன்றிரண்டு பேர். மற்றவை எல்லாம் இடது கைப் பெருவிரல் ரேகை. ரேகைகள் தெளிவாக விழுந்திருக்காது. நாற்று நட்டு, களை பறித்து, சாணி தட்டித் தேய்ந்த விரல்கள். ஒரு தடவை 'ரேகை தெளிவாக இல்லை' என்று மேலிருந்து ஒரு ஆட்சேபணைகூட வந்தது. விரலில் இல்லாத ரேகை காகிதத்தில் எப்படி வரும்?

ஒருமுறை பாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த பட்டியலில் ஒரு பெயருக்கு எதிரே முப்பதுக்குப் பதில் இருபத்தெட்டு நாள் என்று இருந்தது. இரண்டு நாள் ஆப்சென்ட். நாளுக்குப் பத்து ரூபாய் வீதம் இருபது ரூபாய் பிடித்து 280 கொடுக்கலாம் என்று குறிப்பு. அந்த அம்மாவே நேரில் வந்துவிட்டார். அறுபது வயது இருக்கும். வெற்றிலைக் காவி ஏறிய பல். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "எங்க தெருவுல தலைச்சன் பிரசவம் ஐயா. ரெண்டு நாளு வலி. கூப்புட்டாங்க, போனேன். பாடம் இருக்குதுன்னு சொன்னா அந்தப் புள்ள காத்திருக்குமா?" என்றார்.

நான் ஒரு நோட் போட்டேன். பிரசவம் பார்க்கத்தான் பயிற்சி. பயிற்சி உத்தரவிலேயே இரண்டு பிரசவம் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே அந்த இரண்டு நாளைப் பயிற்சி நாளாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். நாலு நாளில் கோப்பு திரும்பி வந்தது. அந்தப் பிரசவம் சுகாதார ஊழியரின் மேற்பார்வையில் நடக்கவில்லை, எனவே அது பயிற்சியில் சேராது, 280 மட்டும் அனுமதிக்கப்படுகிறது என்று பச்சை மையில் எழுதியிருந்தது. உத்தரவு வாசகப்படி பார்த்தால் அவர் எழுதியது சரி. அந்த அம்மா 280 ரூபாய்க்கு ரேகை வைத்து, ரூபாயை இரண்டு தடவை எண்ணி, முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

எத்தனையோ லட்சம் ரூபாய்க் கணக்கை முடித்திருக்கிறேன். இந்த இருபது ரூபாய்தான் இன்னும் நினைவில் இருக்கிறது. பயிற்சிக்கு ஆன செலவு என்று நாங்கள் ஆடிட்டுக்குக் காட்டிய தொகை, அந்த அம்மா வயலுக்குப் போகாமல் இழந்த கூலியைக் காட்டவில்லை. அவர் இல்லாத நாளில் வீட்டில் கஞ்சி காய்ச்சியது யார் என்று காட்டவில்லை. அதற்குப் படிவத்தில் கலமே இல்லை. மருத்துவச்சிக்கு முப்பது நாள் பயிற்சி கொடுப்பதால் மட்டும் தாய்மார் சாவு குறைந்துவிடாது, படித்த நர்சும் ஆஸ்பத்திரியும் வேண்டும் என்று பின்னாளில் உலகம் முழுக்க ஒரு முடிவுக்கு வந்தார்கள். நம் புதுவையில் இன்று வீட்டுப் பிரசவம் என்பதே அநேகமாக இல்லை. நல்லதுதான். ஆனால் அந்தக் கலம் மட்டும் இன்றுவரை திறக்கப்படவில்லை.

இங்கே கொஞ்சம் பிரெஞ்சுக் கதை சொல்ல அனுமதியுங்கள். பழைய மாணவன் என்ற பாத்தியதை. குறைந்த செலவில் அரைகுறை மருத்துவரை உண்டாக்குவது நம் நாட்டுக் கண்டுபிடிப்பு அல்ல. புரட்சி முடிந்து நெப்போலியன் கையில் ஆட்சி இருந்தபோது, 1803இல், பிரான்சில் ஒரு சட்டம் போட்டார்கள். அதில் இரண்டு வகை மருத்துவர்கள். ஒருவர் டாக்டர். இன்னொருவர் 'ஒஃபிசியே த சாந்தே', அதாவது சுகாதார அதிகாரி. பெயர்தான் பெரிது. ஏழைகளுக்கும் கிராமத்தாருக்கும் டாக்டர் கட்டுப்படி ஆகாது என்று உண்டாக்கிய இரண்டாம் தரம். ஒரு டாக்டரிடம் ஆறு வருடம் எடுபிடியாக இருந்து படித்தாலும் போதும், பரீட்சை எழுதலாம். டாக்டருக்கு ஆயிரம் பிராங்கு வரை போகக்கூடிய கட்டணம், இவருக்கு இருநூறைத் தாண்டக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அதற்குப் பதிலாக இரண்டு கட்டுப்பாடு. எந்த மாவட்டத்தில் பரீட்சை எழுதினாரோ அந்த மாவட்டத்தில் மட்டும்தான் வைத்தியம் பார்க்கலாம். பெரிய ஆபரேஷன் என்றால் டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பள்ளியில் ஃப்ளோபேர் எழுதிய 'மதாம் பொவாரி' படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். அதில் வரும் கணவன் ஷார்ல் பொவாரி டாக்டர் அல்ல, ஒஃபிசியே த சாந்தே. முதல் தடவை பரீட்சையில் கோட்டை விட்டு, இரண்டாம் தடவை கேள்விகளையெல்லாம் நெட்டுருப் போட்டுத் தேறியவன். பிறகு ஊர்க்காரர்கள் ஏற்றிவிட, கோணல் காலுள்ள ஒரு லாயக்காரனுக்கு ஆபரேஷன் செய்து, கால் அழுகி, வேறொரு டாக்டர் வந்து காலையே எடுக்க வேண்டியதாயிற்று. எங்கள் வாத்தியார் இதை மனைவியின் ஏமாற்றத்துக்காகப் படிக்கச் சொன்னார். எனக்கு இப்போது அந்த லாயக்காரன்தான் பெரிதாகத் தெரிகிறான். பயிற்சியில் மிச்சம் பிடித்த காசை அவன் காலால் கட்டினான். 1892இல் அந்த இரண்டாம் தரத்தையே பிரான்சில் எடுத்துவிட்டார்கள்.

நம் நாட்டுக்கு வருகிறேன். 1977 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று, ஜனதா அரசு கிராம சுகாதாரப் பணியாளர் திட்டத்தைத் தொடங்கியது. ஊர்க்காரர்களே ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று மாதம், 200 மணி நேரம் பயிற்சி. பயிற்சிக் காலத்தில் மாதம் 200 ரூபாய். வேலைக்கு வந்த பிறகு மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம், 50 ரூபாய் மருந்து. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா போன்ற சில மாநிலங்கள் தங்களிடம் வேறு ஏற்பாடு இருக்கிறது என்று அப்போது இதில் சேரவில்லை.

கணக்கைப் பாருங்கள். பயிற்சி உதவித்தொகை மூன்று மாதத்துக்கு 600 ரூபாய். ஒரு வருட மதிப்பூதியமும் அதே 600 ரூபாய். படிக்கும்போது மாதம் 200 வாங்கியவர், படித்து முடித்து வேலை செய்யும்போது 50 வாங்குகிறார்! எந்த ஊரில் இப்படி நடக்கும்? மாணவனாக இருப்பதே லாபம். முதலில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தாய்சேய் நல வேலைக்கு ஆண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பிறகுதான் பெண்களைத் தேடினார்கள். பெயரையும் மாற்றினார்கள். முதலில் பணியாளர், பிறகு தொண்டர், பிறகு 1981இல் கிராம சுகாதார வழிகாட்டி. 'பணியாளர்' என்ற பெயர் இருந்தால் சம்பளம் கேட்பார்கள் அல்லவா? அரசாங்கத்தில் பெயர் மாற்றம் வந்தால் முதலில் சம்பளக் கலத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம்.

அடுத்தது ஆஷா. 2005 ஏப்ரலில் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு வந்தது. ஆயிரம் பேருக்கு ஒரு பெண். 'அக்ரெடிட்டட் சோஷியல் ஹெல்த் ஆக்டிவிஸ்ட்' என்பதன் சுருக்கம். இந்தியில் ஆஷா என்றால் நம்பிக்கை. முதல் எழுத்தைக் கவனியுங்கள்: அங்கீகாரம் பெற்றவர். பெயரில் அங்கீகாரம் 2005இலேயே வந்துவிட்டது. அங்கீகாரம் கொடுக்கிற பரீட்சை வருவதற்கு ஏறக்குறைய பத்து வருடம் ஆயிற்று. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், நாம் என்.ஐ.ஓ.எஸ். என்று சொல்வது, அந்தப் பரீட்சையை நடத்துகிறது.

ஆரம்பப் பயிற்சி 23 நாள். முதலில் ஏழு நாள், பிறகு நான்கு தடவை நந்நான்கு நாள். இதற்குப் பிறகு ஆறாம், ஏழாம் பாடப் புத்தகங்களுக்காக இன்னும் 20 நாள், ஐந்து ஐந்து நாளாக நான்கு சுற்று. பச்சைக் குழந்தையை எடை போடுவது, உடம்புச் சூடு பார்ப்பது, மூச்சை எண்ணுவது, பால் குடிக்காத பிள்ளையைக் கண்டுபிடிப்பது எல்லாம் அந்த இருபது நாளில். ஆக மொத்தம் 43 நாள். அதற்கு மேல் தொற்றா நோய், காசநோய் என்று புதிதாக ஒன்று வரும்போதெல்லாம் தனிப் பயிற்சி.

பில்லில் என்ன இருக்கும் என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வரும். பயிற்சி கொடுப்பவருக்கு மதிப்பூதியம், ஹால் வாடகை, டீ, பிஸ்கட், மதியச் சாப்பாடு, பஸ் சார்ஜ், வருகிறவருக்கு நாள் படி, புத்தகம், பேனா, பை, பேனர். பேனருக்கு மட்டும் எந்தக் காலத்திலும் பணம் இல்லாமல் போனதில்லை. இதற்கு மேலே, சொல்லிக் கொடுப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க மாநில அளவில் ஒரு பயிற்சி, மாவட்ட அளவில் ஒரு பயிற்சி. என்.ஐ.ஓ.எஸ். சான்றிதழ் என்றால் இன்னும் ஒரு படி: படிக்கிற பெண்ணுக்கு மட்டும் சான்று கொடுத்தால் போதாது, பாடத்துக்கு, பாடம் நடத்துகிறவருக்கு, பயிற்சி நடக்கிற இடத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் தனித்தனியே அங்கீகாரம் வேண்டும். என் நண்பர் இதை வீண் செலவு என்பார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பாடம் நடத்துகிறவருக்கே பச்சைக் குழந்தையின் மூச்சை எண்ணத் தெரியாவிட்டால், படிக்கிற பெண்ணுக்கு என்ன வரும்? இந்தச் செலவுதான் அந்த லாயக்காரனின் காலைக் காப்பாற்றுகிற செலவு.

எனக்குக் கசப்பு வேறு இடத்தில். பயிற்சிப் பணம் பெரும்பாலும் எப்போது வரும் தெரியுமா? வருடக் கடைசியில். அனுமதி கிடைத்து, பணம் கைக்கு வரும்போது பிப்ரவரி ஆகியிருக்கும். மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பாவிட்டால் அடுத்த வருடம் பணம் குறையும். அப்புறம் என்ன? மூன்று மாத இடைவெளி விட்டு நடத்த வேண்டிய இரண்டு சுற்றை ஒரே மாதத்தில் நடத்துவார்கள். நாற்பது பேர் ஹாலில் எண்பது பேர். ஏன் இடைவெளி வைத்தார்கள்? கற்றுக்கொண்டதை ஊரில் செய்து பார்த்து, சந்தேகத்தோடு திரும்பி வர வேண்டும் என்பதற்காக. அந்தச் சந்தேகம் கேட்கிற நாளைத்தான் மார்ச் மாதம் தின்றுவிடுகிறது. பில் மட்டும் குறையில்லாமல் இருக்கும். நானே எத்தனையோ பாஸ் பண்ணியிருக்கிறேன்; கூட்டல் சரியாக இருந்தால் பாஸ் பண்ணித்தான் ஆக வேண்டும்.

எங்கள் பகுதிக்கு வருகிற ஆஷா பெண்ணுக்கு முப்பத்தெட்டு வயது. புருஷன் பெயிண்டர். ஒரு பையன், ஒரு பெண். என் மனைவிக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு என்பதால் மாதம் இரண்டு தடவையாவது வருவாள். நான் பழைய கணக்கு ஆள் என்று தெரிந்து ஒருநாள் தன் நோட்டை எடுத்து வந்து காட்டினாள். எந்த வேலைக்கு எவ்வளவு வரவேண்டும், எவ்வளவு வந்தது, எது பாக்கி என்று அவளே கலம் போட்டு வைத்திருந்தாள். என் கீழே வேலை செய்த சில பேரைவிட நன்றாகவே கலம் போட்டிருந்தாள்.

அதில் ஒரு வரி: பச்சைக் குழந்தை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை என்றால் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் போக வேண்டும். ஆறு தடவையும் போய், படிவம் நிரப்பினால் 250 ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு தடவைக்கு 42 ரூபாய்கூட வரவில்லை. மற்ற வழக்கமான வேலைகளுக்கு மத்திய அரசு 2018இல் மாதம் 2000 ரூபாய் என்று வைத்தது. இப்போது 2025இல் அதை 3500 என்று உயர்த்தியிருக்கிறார்கள். மாநிலங்கள் தங்கள் பங்குக்குச் சேர்த்துக் கொடுப்பது தனி. நாடு முழுக்க ஏறக்குறைய பத்து லட்சம் பெண்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம் இவர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரு விருது கொடுத்தது. விருதைப் பத்து லட்சத்தால் வகுத்தால் ஆளுக்கு என்ன வந்தது என்று இவளிடம் கேட்டேன். "ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் ஐயா" என்று சிரித்தாள்.

நோட்டின் பின்பக்கம் பென்சிலால் வேறு ஒரு கணக்கு இருந்தது. அதை அவள் காட்டவில்லை, பக்கம் புரட்டும்போது தெரிந்தது. பயிற்சிக்குப் போன நாள்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, பக்கத்து வீட்டுத் தையல் வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் கூலி, ஆட்டோ செலவு, பெண் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட நாத்தனாருக்கு வாங்கிக் கொடுத்த பொருள். கூட்டல் போட்டு, அதன் மேலேயே கோடு போட்டு அடித்திருந்தாள். "இது எதுக்கம்மா?" என்றேன். "யாரும் கேக்கமாட்டாங்க ஐயா, எனக்குத் தெரியணும்னு எழுதினேன்" என்றாள். நான் முப்பத்தேழு வருடம் பார்க்காத கலம். அவள் பென்சிலால் போட்டு வைத்திருந்தாள்.

செலவு பலன் தருகிறதா என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு ஊரைச் சொல்வேன். இரண்டும் மகாராஷ்டிரத்தில். ஒன்று கட்சிரோலி. டாக்டர் அபய் பங், ராணி பங் தம்பதியர் 1995இலிருந்து 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பச்சைக் குழந்தைப் பராமரிப்புப் பயிற்சி கொடுத்தார்கள். மூன்றாம் வருடத்தில் அந்தக் கிராமங்களில் பிறந்த ஒரு மாதத்துக்குள் சாகிற குழந்தைகள், பயிற்சி இல்லாத கிராமங்களோடு ஒப்பிட்டால், 62 சதவீதம் குறைந்தார்கள். ஒரு குழந்தைக்கு ஆன செலவு 5.3 டாலர். 1999இல் லான்செட் இதழில் இது வெளிவந்தது. இன்றைக்கு ஆஷாக்கள் 3ஆம் நாள், 7ஆம் நாள் என்று வீட்டுக்குப் போவதற்கு விதை அங்கேதான்.

இன்னொன்று ஜாம்கேட். நம் வேலூர் சி.எம்.சி.யில் படித்த ரஜனிகாந்த் அரோலே, மேபெல் அரோலே தம்பதியர் 1970இல் தொடங்கியது. ஊருக்கு ஒரு பெண். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட சாதிப் பெண்களும் அதில் இருந்தார்கள். அங்கே பயிற்சி 23 நாளில் முடியவில்லை. வாராவாரம் மையத்துக்கு வருவார்கள், எல்லா சாதியாரும் ஒன்றாகத் தங்குவார்கள், போன வாரம் ஊரில் நடந்ததைச் சொல்வார்கள், புதிதாக ஒன்று கற்றுக்கொண்டு போவார்கள். வருடக்கணக்காக இப்படியே நடந்தது.

என் நண்பருக்கும் எனக்கும் வித்தியாசம் இங்கேதான். அவர் பயிற்சியை வீடு கட்டுகிற செலவு மாதிரிப் பார்க்கிறார். ஒரு தடவை போட்டோம், முடிந்தது, அப்புறம் எதற்குத் திரும்பத் திரும்ப என்கிறார். அரசாங்கக் கணக்கும் அப்படித்தான் பார்க்கிறது. ஆனால் ஜாம்கேட் கணக்கு மாதா மாதம் போடுகிற மளிகைக் கணக்கு மாதிரி. பிரெஞ்சில் பயிற்சிக்கு 'ஃபொர்மாசியோன்' என்பார்கள். ஒரு உருவத்துக்குக் கொண்டுவருவது, அத்துடன் சரி. நம் தமிழில் பயிற்சி என்பது பயில்வதிலிருந்து வருகிறது. திரும்பத் திரும்பச் செய்து பழகுவதற்குத்தான் பயிலுதல் என்று பெயர். நம் பாஷையில் சரியாகத்தான் இருக்கிறது, பட்ஜெட்டில்தான் இல்லை.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். எழுத்துப் பரீட்சை உண்டு, செய்முறைப் பரீட்சையும் உண்டு. தேறியவர்களுக்கு 5000 ரூபாய் ரொக்கப் பரிசு என்று மத்திய அரசு வைத்திருக்கிறது. எங்கள் பெண் அதற்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். செய்முறை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுத்து என்றால் பயம். பள்ளிக்கூடத்தை விட்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. சாயங்காலம் சில நாள் வந்து, என் எதிரில் உட்கார்ந்து பதில் எழுதிக் காட்டுவாள். இரத்தசோகை பற்றிய கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். எல்லாம் அவள் பார்த்தது. எந்த வீட்டில் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள், ஏன் வைக்கிறார்கள், மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று எந்தக் கிழவி சொன்னாள் என்பது வரை. புத்தகத்தில் நாலு வரிதான் இருந்தது. பரீட்சைக்கு அந்த நாலு வரியை எழுது, மீதியை உனக்கு வைத்துக்கொள் என்றேன். ஷார்ல் பொவாரிக்கு நேர் எதிர் கேஸ் இவள்.

"இத வச்சி நான் நர்சு படிக்கப் போகலாமா ஐயா?" என்று ஒருநாள் கேட்டாள். ஆஷாக்களுக்கு நர்ஸ் பயிற்சியில் முன்னுரிமை கொடுக்கிற மாநிலங்கள் உண்டு என்று படித்திருக்கிறேன். ஆனால் அவளுக்கு பிளஸ் டூ இல்லை, வயதும் தாண்டிவிட்டது. இருந்த நிலைமையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பரவால்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கேஸ் கூட்டிக்கிட்டு போறப்போ, நீ யாருன்னு கேட்டா காட்டறதுக்கு ஒண்ணு இருக்கும்ல" என்றாள்.

2018இல் உலக சுகாதார நிறுவனம் இப்படிப்பட்ட பணியாளர்களுக்காக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. முறையான சான்றிதழ் கொடுங்கள் என்று அதில் இருக்கிறது. வேலைக்குத் தக்க ஊதியம் கொடுங்கள், முழுக்க முழுக்க வேலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகையை மட்டும் நம்ப வைக்காதீர்கள் என்றும் இருக்கிறது. முதல் பாதியை எடுத்துக்கொள்வது எந்த அரசாங்கத்துக்கும் சுலபம். சட்டம் போட்டுச் சான்றிதழ் அச்சடித்துவிடலாம். இரண்டாம் பாதி வருடாவருடம் பட்ஜெட்டில் வந்து நிற்கும். 'தன்னார்வலர்' என்ற வார்த்தை அங்கேதான் கைகொடுக்கிறது. பிரெஞ்சில் 'பெனெவோல்' என்பார்கள், காசு வாங்காமல் விரும்பிச் செய்கிறவர். விரும்பிச் செய்கிறவருக்கு எதற்கு 43 நாள் பாடமும் பரீட்சையும்? பரீட்சை வைத்தால் அவர் தொழிலாளி. இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

என் நண்பருக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்கு இது. ஒரு பெண்ணுக்கு 43 நாள். அரசாங்கம் கொடுத்தது ஒரு கலம். அந்த 43 நாளில் அவள் இழந்த கூலி இன்னொரு கலம். வீட்டில் அவள் வேலையை யார் செய்தார்கள் என்பது மூன்றாவது. பயிற்சி பெற்ற பெண் இந்த வருமானம் கட்டுப்படி ஆகாமல் துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டால், புதிதாக ஒரு பெண்ணுக்கு மறுபடி 43 நாள், அது நாலாவது. அந்த நாலாவது கலத்தைக் குறைக்க வேண்டுமானால் முதல் மூன்றையும் யாராவது பார்க்க வேண்டும். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "அப்ப செலவு இன்னும் ஏறுமே" என்றார். ஏறும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை முதல் எங்கள் பெண்ணுக்கு ஐந்து நாள் பயிற்சி. காலை ஒன்பதரைக்குத் தொடங்கி ஐந்து மணி வரை. நாத்தனார் ஊரில் இல்லை. அவளுடைய சின்னப் பெண்ணை மூன்றரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து, சாயங்காலம் வரை வைத்துக்கொள்ள என் மனைவி ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஆட்டோவுக்கு நான்.